நடந்து வரும் வெந்நீர்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒருவர் காலையில் குளிக்கக் குழாயைத் திருகுகிறார். அவர் தலையில் விழும் வெந்நீர், பல பேட்டைகளில் முந்தைய நாள் இரவே ஒரு மலையடிவாரத்திலிருந்து கிளம்பியது. தூரம் 27 கிலோமீட்டர், பயணம் சுமார் ஏழு மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்லை. அவசரமில்லாமல் சந்தைக்குப் போகிற மனிதரின் நடை அது. வழி நெடுகப் பனியும் காற்றும். அப்படி நடந்து வந்தும் அது இழப்பது இரண்டு டிகிரிச் சூடுதான். நம் வீட்டில் அண்டாவிலிருந்து வாளிக்கு மோந்து குளியலறைக்குத் தூக்கிப் போவதற்குள் அதைவிட அதிகம் ஆறிப்போகும்.

இந்த நீர் பிறக்கும்போது வெந்நீரே அல்ல. பூமிக்கடியில் கொதிக்கிற நீரைத்தான் அப்படியே குழாயில் விடுகிறார்கள் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் இதன் பூர்வீகம் லாங்யோகுல் என்னும் பெரும் பனிப்பாளம். அதிலிருந்து உருகும் நீர் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளின் இடுக்குகளில் இறங்கி, பல பத்தாண்டுகள் நிலத்தடியில் ஊர்ந்து, திங்வட்லவாட்ன் ஏரியில் வந்து சேர்கிறது. ஐஸ்லாந்தியர் 930ஆம் ஆண்டில் தங்கள் பொதுச்சபையை முதன்முதலாகக் கூட்டியது இந்த ஏரிக்கு வடக்கே உள்ள வெளியில்தான். நிலம் அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் இடம் அது. ஏரியோரக் கிணறுகளிலிருந்து எடுக்கும்போது நீரின் சூடு நாலு டிகிரிதான். கை வைத்தால் விறைத்துவிடும்.

ஏரிக்குத் தென்மேற்கே ஹெங்கில் என்ற எரிமலை. அதன் அடிவாரத்தில் நெஸ்யாவெட்லிர் நிலையம். அங்கே ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டிருக்கிறார்கள். ஒரு துளையில் 380 டிகிரிக்கு மேல் சூடு அளந்திருக்கிறார்கள். அந்த ஆழத்திலிருந்து நீராவியும் வெந்நீரும் கலந்து சீறிக்கொண்டு மேலே வரும். ஆனால் அது சுபாவம் கெட்ட நீர். சிலிக்காவும் கந்தக வாயுவும் அதில் கரைந்திருக்கும். உப்புக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல ஊரின் குழாய்களையெல்லாம் அது அடைத்துவிடும். அதனால் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. அதனிடமிருந்து சூட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

வாங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. சுழற்றிக் களைத்த நீராவியைக் குளிரவைக்க வேண்டுமல்லவா, அந்த வேலைக்கு ஏரியோரத்துக் குளிர்ந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். நீராவி குளிர்கிறது, நீர் வெதுவெதுப்பாகிறது. பிறகு வெப்பப் பரிமாற்றியில், நடுவே உலோகத் தகடு மட்டும் இருக்க, ஒரு பக்கம் பூமியின் கொதிநீரும் மறுபக்கம் இந்த நல்ல நீரும் ஓடுகின்றன. ஒன்றையொன்று தொடாமலே சூடு கைமாறுகிறது. வெளியே வரும்போது நீர் எண்பது டிகிரியைத் தாண்டிவிட்டிருக்கும்.

புவிவெப்பம் என்றாலே மின்சாரத்தைத்தான் பேசுகிறோம். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904இல் இளவரசர் பியெரோ ஜினோரி கோன்டி பூமியின் நீராவியைக் கொண்டு ஐந்து விளக்குகளை எரிய வைத்ததிலிருந்து அந்தப் புகழ் மின்சாரத்துக்கே போய்விட்டது. என் கட்சி வேறு. பூமியின் சூட்டை மின்சாரமாக மட்டும் மாற்றினால் எட்டில் ஒரு பங்கு தேறுவதே பெரிது, மீதி வானத்துக்கும் மண்ணுக்கும் போகும். நெஸ்யாவெட்லிர் 1990இல் தொடங்கியது வெந்நீருக்காக. மின்சாரம் எட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல்தான் வந்தது. இப்போது மின்சாரம் 120 மெகாவாட், வெந்நீராகப் போகும் வெப்பம் 300 மெகாவாட். நெல்லை அரைத்து அரிசியை எடுத்துக்கொண்டு தவிட்டையும் உமியையும் கொட்டிவிட நம் ஊர் விவசாயிக்கு மனம் வராது. இவர்களுக்கும் வரவில்லை.

கிளம்புமுன் நீருக்கு இன்னொரு சடங்கு பாக்கி. கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்க வேண்டும், இல்லையென்றால் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். காற்றை உறிஞ்சிய பிறகும் எஞ்சுகிற துளியைத் தீர்த்துக்கட்ட, பூமியின் நீராவியில் சிறிதளவைக் கலக்கிறார்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடும். கூடவே லேசான அழுகிய முட்டை வாடையும் நீரோடு ஒட்டிக்கொள்ளும். ஊர்க்காரர்களுக்கு அது பழகிய வாடை.

பிறகு பயணம். 400 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டிக்கு நீரை ஏற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து பம்பு எதுவும் தேவையில்லை, சரிவிலேயே ஊருக்கு இறங்கிவிடும். ஆள் தவழ்ந்து நுழையக்கூடிய பெரிய குழாய். சுற்றிலும் கனமான பாறைக் கம்பளிப் போர்வை, அதன் மேல் அலுமினியத் தகடு. சூட்டில் நீளும், நிலநடுக்கத்தில் அசையும் என்பதால் குழாயைத் தரையோடு இறுக்கிக் கட்டாமல் நகர இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் வந்த பிறகும் ஒரு ஆசாரம் இருக்கிறது. ரெய்க்யவிக்கின் அடியிலேயே பழைய கிணறுகளிலிருந்து இயற்கையான வெந்நீர் கிடைக்கிறது. அந்த நீரும் மலையிலிருந்து வரும் நீரும் கலந்தால் மெக்னீசியம் சிலிக்கேட் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே சில பேட்டைகளுக்கு அந்த நீர், சில பேட்டைகளுக்கு இந்த நீர். சம்பந்தமே கிடையாது.

வீட்டுச் சுவரோர ரேடியேட்டர்களில் ஓடி அறையைச் சூடாக்கிவிட்டு வெளியேறும்போதும் நீரில் முப்பது டிகிரிக்கு மேல் மிச்சம் இருக்கும். அதையும் விடுவதில்லை. நடைபாதைக்கு அடியில் புதைத்த குழாய்களில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். கடைவீதியான லோய்கவேகுரில் குளிர்காலத்திலும் வழுக்காமல் நடக்கலாம்.

அந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்குப் போகும் வழி என்பது அதன் பொருள். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் இருக்கிறதே, அப்படி ஊருக்குக் கிழக்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. ஆனால் ரெய்க்யவிக்கின் ஊற்றுகள் குளிக்க முடியாத அளவுக்குக் கொதிப்பவை. ரெய்க்யவிக் பெண்கள் அழுக்குத் துணி மூட்டையையும் வாளியையும் சோப்பையும் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து அங்கே துவைக்கப் போவார்கள். திரும்பும்போது ஈரத்துணியின் பாரம் வேறு. கால் வழுக்கிக் கொதிநீரில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. அதன் பிறகுதான் ஊற்றின் மேல் இரும்புக் கம்பி வளைவுகள் போட்டார்கள். 1930இல் அந்த ஊற்றுப் பக்கம் துளையிட்டு எடுத்த வெந்நீர், அதே மூன்று கிலோமீட்டரைக் குழாய்வழி எதிர்த்திசையில் கடந்து ஊருக்குள் வந்தது. ஒரு பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீச்சல் குளம், அறுபது எழுபது வீடுகள். அவ்வளவுதான் தொடக்கம்.

மற்ற வீடுகளில் நிலக்கரி அடுப்புதான். ரெய்க்யவிக் என்றால் புகை விரிகுடா. முதலில் குடியேறியவர்கள் ஊற்றுகளின் ஆவியைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெயரை நிலக்கரிப் புகை மெய்யாக்கியது. 1943இல் ரெய்கிர் என்ற இடத்திலிருந்து பெரிய குழாய் வந்தது. 1973இல் எண்ணெய் விலை எகிறியபோது மிச்சமிருந்தவர்களும் வெந்நீருக்கு மாறத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் பத்தில் ஒன்பது வீடுகளைப் பூமிதான் சூடாக்குகிறது.

இதற்கு விலை உண்டு. ஹெங்கில் மலையின் மறுபக்கம் ஹெட்லிஸ்ஹெய்தி நிலையம். பயன்படுத்திய நீரை அங்கே மீண்டும் பூமிக்குள் செலுத்தியபோது 2011இல் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வந்து சுற்றுவட்டாரத்தை எரிச்சலூட்டின. ரெய்க்யானெஸ் முனையில் நடந்தது இன்னும் கடுமை. 2024 பிப்ரவரி 8 அன்று எரிமலைக் குழம்பு வழிந்து ஸ்வார்ட்ஸெங்கி நிலையத்தின் வெந்நீர்க் குழாயை மூடி அறுத்தது. நடுக் குளிர்காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்கள் வெந்நீரில்லாமல் கிடந்தார்கள். எல்லோரும் மின்சார ஹீட்டரைப் போட்டால் மின்கம்பி தாங்காது என்று அரசு கெஞ்ச வேண்டியிருந்தது. சூடு தந்த பூமியேதான் குழாயையும் அறுத்தது.

ரெய்க்யவிக் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிக்கக் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து சற்று ஓடவிடுங்கள், அது வாடையில்லாத தனி நீர். வெந்நீரில் குளிக்குமுன் மறக்காமல் மெட்டியையும் கொலுசையும் கழற்றி வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.