ஹாட்சுனே மிக்கு

ஹாட்சு என்றால் முதல், நே என்றால் ஒலி. மிக்கு, எதிர்காலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக, 'எதிர்காலத்தின் முதல் ஒலி'. 2007 ஆகஸ்டில் சப்போரோவின் கிரிப்டன் நிறுவனம் வெளியிட்ட குரல் மென்பொருளின் பெயர் இது. அதன் பின்னணியில் உள்ள பாடும் தொழில்நுட்பம் யமஹாவின் வோக்கலாய்டு. அடிப்படைக் குரல் நடிகை சகி ஃபுஜிதாவுடையது. மெட்டையும் வரியையும் அசை அசையாக உள்ளிட்டால் மிக்கு பாடுவாள்.

ஜப்பானியர்களுக்கு எண்களைச் சொல்லாக வாசிப்பதில் தனிக் குஷி. மூன்று 'மி', ஒன்பது 'கு'. அதனால் மார்ச் 9 மிக்கு தினம். அதே 39-ஐ 'சான்க்யூ' என்றும் படிக்கலாம், அதாவது தேங்க்யூ. நமக்கு 'மிக்க நன்றி' நினைவுக்கு வந்தால், அது வெறும் தற்செயல்.