அல்பீரூனியும் அளவையின் எல்லையும்

பூமியின் ஆரத்தை இக்கால அளவுக்கு மிக நெருக்கமாக அல்பீரூனி கண்டறிந்தார் என்று நம் மேடைகளில் பெருமிதத்தோடு கூறப்படுவதுண்டு. அப்பெருமிதம் தகும். எனினும் அப்பேரறிஞரின் சிறப்பை அந்த ஓர் எண்ணில் தேடுவது பொருத்தமாகாது.

ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரிஸ்மில் பிறந்த அவர், சுல்தான் மஹ்மூது கஜ்னவியின் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையையும், அதன் எதிரே தடையற்று விரிந்த சமவெளியையும் கண்டார். கலீஃபா மஃமூனின் அறிஞர்கள் இதே நோக்கத்துக்காகப் பாலைவெளியில் நெடுந்தூரம் அளந்து சென்றனர். இவருக்கு ஒரு மலையே போதுமாயிற்று. முதலில் மலையின் உயரத்தை 652 முழம் எனக் கணித்தார். பின் உச்சியில் நின்று, கிடைமட்டத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று நோக்கினார். 34 கலை, அதாவது அரைப்பாகைக்குச் சற்று மிகுதி. பூமி பெரிதாயின் இத்தாழ்வு குறையும், சிறிதாயின் கூடும். இவ்விரு அளவுகளிலிருந்தே கோணக் கணிதத்தால் ஆரத்தைப் பெற்றார்.

வழி அற்புதமானது. விடையைத்தான் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டியுள்ளது. அவருடைய முழத்தின் நீளம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. காற்று ஒளியை வளைப்பதால் அடிவானம் சற்று உயர்ந்தே தோன்றும். அவர் கணக்கில் அதற்கு இடமில்லை. அச்சிறு கோணத்தில் ஒரு கலை பிழைத்தாலும் ஆரம் இருநூறு மைலுக்கு மேல் மாறிவிடும்!

பூமி சுழல்கிறதா, வானம் சுழல்கிறதா என்னும் வினாவை அவர் அணுகிய முறையே நம் கவனத்துக்குரியது. பூமியே சுழல்கிறது என்று ஆரியபட்டர் எழுதியிருந்தார்; பிரம்மகுப்தர் மறுத்தார். ஏறத்தாழ 1030இல் எழுதிய 'கிதாபுல் ஹிந்த்' நூலில் அல்பீரூனி இவ்வழக்கை ஆராய்கிறார். பூமி சுழல்வதாகக் கொண்டு அபூ ஸயீத் அஸ்ஸிஜ்ஸீ அமைத்த அஸ்துர்லாப் கருவியையும் அவர் கண்டு வியந்ததுண்டு. ஆயினும் அவர் கூறியது வேறு: எது சுழன்றாலும் வானியல் கணக்கு ஒன்றே, எனவே வானியலார் தம் கணக்கைக் கொண்டு இதைத் தீர்க்கவியலாது, இயற்கைத் தத்துவ அறிஞர்தாம் தீர்க்க வேண்டும். அவர் மனம் பூமி நிலையானது என்னும் பக்கமே சாய்ந்திருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பூமி சுழல்கிறது என்பதை அறிஞர் உலகம் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டது. ஆனால் கண்கூடான சான்று கிடைக்க எண்ணூறு ஆண்டுகளாயின. அதுவும் அவர் கைகாட்டிய இயற்கை நூலாரின் துறையிலிருந்தே வந்தது. 1851இல் பாரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்தில், ஃபூக்கோ 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். நேரம் செல்லச் செல்ல, அது ஆடும் திசை தரையின்மீது மெல்லத் திரும்பிக்கொண்டே சென்றது. விண்மீன் ஒன்றையும் நோக்காமல், கூரைக்கு அடியில் நின்றபடியே மக்கள் பூமியின் சுழற்சியைக் கண்டனர்.