வார் மாட்டும் இடம்

குன்னத்திலிருந்து பெரம்பலூர் சென்று, அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே பயணித்தால் வாலிகண்டபுரம் வரும். அதையும் கடந்து சென்றால் இரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். வாலிகண்டபுரப் போர் நடந்த நிலப்பரப்பு இது. கர்நாடக நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751 ஆம் ஆண்டு கேப்டன் கிஞ்சன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை இங்கே கலைந்து பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. அப்படையில் இளைஞரான இராபர்ட் கிளைவும் இருந்தார். அதே ஆண்டில் அவர் இருநூறு ஐரோப்பியரையும் முந்நூறு சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஆர்க்காட்டுக்கு நடந்தது பாடநூல்கள் கூறும் செய்தி.

கோட்டையின் மேல்தளத்தில் நின்றபோது நம் மனத்தில் எழுந்த வினா மிக எளியது. வாலிகண்டபுரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். தோற்று நடந்த அந்த வீரர்கள் தம் துப்பாக்கிகளை எப்படிச் சுமந்து சென்றிருப்பார்கள்?

போரைப் பற்றி எழுதுவோர் சுட்ட கணத்தை எழுதுகிறார்கள். சுமந்த நாட்களை எழுதுவோர் அரியர். ஆனால் சுமந்த வரலாறு முற்றிலும் அழிந்துவிடவில்லை. துப்பாக்கியின் அடிப்புறத்தில் இரண்டு சிறு இரும்பு வளையங்களாக அது எஞ்சியிருக்கிறது. தோளில் மாட்டும் வாரின் இரு முனைகளையும் கட்டுவதற்கான வளையங்கள் அவை. அவற்றை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்தவர், அந்தத் துப்பாக்கியைத் தூக்குபவன் யார், அவன் நடப்பவனா குதிரை ஏறுபவனா என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கிறார். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதுதான்.

நமக்குப் பழக்கமான பொருட்களிலிருந்து தொடங்குவோம். காவடி கட்டுபவர் தண்டின் எந்த இடத்தில் கயிற்றை முடிவது என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்வார். முடிச்சு நடுவை நோக்கி நெருங்கினால் தண்டின் முனைகள் ஆடும். விலகினால் சுமை அடங்கி நிற்கும். ஊர்வலத்தில் நின்று வாசிக்கும் தவில்காரரின் தோள்வாரும் அப்படியே. கட்டிய இடம் சற்றே மாறினாலும் தவில் புரண்டு, கை சேரவேண்டிய இடத்தில் சேராது. நீண்டு, ஒரு புறம் கனத்து, மறு புறம் மெலிந்த எந்தப் பொருளுக்கும் இந்த விதி பொருந்தும். துப்பாக்கியும் அத்தகைய பொருளே.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் காலாட்படைத் துப்பாக்கியான மஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்தில் 'பிரௌன் பெஸ்' என்று அழைக்கப்பட்டது இதுவே. இதன் ஒரு வளையம் முன்கட்டையின் அடியிலும், மற்றொன்று விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்புறத்திலும் இருந்தன. ஆக, வார் பற்றியிருந்தது துப்பாக்கியின் நடுப்பகுதியை மட்டுமே. தோளில் மாட்டினால் குழல் தலைக்கு மேலே நீளும். கனத்த பின்கட்டை இடுப்புக்குக் கீழே எந்தப் பிடிப்பும் இன்றித் தொங்கும். ஒவ்வோர் அடிக்கும் அது ஆடித் தொடையில் இடிக்கும். அணிவகுத்து நின்று நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை மருந்து கெட்டித்துச் சுடுவதற்காகவே உருவான கருவி அது. குழலின் அடியில் செருகியிருக்கும் கம்பியை உருவி, மருந்தையும் குண்டையும் இடித்து, மீண்டும் செருக வேண்டும். அந்த வேலையின்போது வார் தளர்ந்து தொங்கினால் கையில் சிக்கும். எனவே சண்டையில் அதை இறுக்கிவிடுவதே நல்லது. நடப்பவனின் தொடை படும் பாட்டை விடச் சுடுபவனின் கை வேகமே பெரிதாக மதிக்கப்பட்டது.

இந்த வகையில் நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்வித்த 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட்டின் குழல் 39 அங்குலம். அதற்கு முன்பு ஆங்கிலப் படையில் வழங்கியவற்றின் குழல்கள் 42 அங்குலமும் 46 அங்குலமும் இருந்தன. பிரான்சுடன் போர் மூண்டு துப்பாக்கிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1790களில் பிரித்தானிய அரசே கம்பெனியின் இந்த வகையை ஏற்றுக்கொண்டது. குழல் குறுகியது, எடையோ ஏறத்தாழ நான்கரைக் கிலோவாகவே நின்றது. விசைக் காப்பின் முன்னிருந்த வளையமும் இடம் மாறவில்லை.

குதிரை வீரனுக்கு இந்த ஏற்பாடு உதவாது. நீண்ட குழல் தலைக்கு மேலே நிற்க அவனால் சவாரி செய்ய இயலாது. ஒரு கை எப்போதும் கடிவாளத்தில் இருக்கும். அவனுக்குக் குறுகிய கார்பைன் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தண்டைப் பொருத்தி, அத்தண்டில் வழுகி ஓடும் ஒரு வளையத்தைக் கோத்தார்கள். மார்பின் குறுக்கே அணிந்த அகன்ற தோல்வாரின் கொக்கியில் அந்த வளையம் மாட்டிக்கொள்ளும். சுட்ட பின் அவன் கையை விட்டுவிடலாம். துப்பாக்கி தரையில் விழாமல் வாரிலேயே தொங்கும். இதே தேவையின் தடத்தைப் பின்னாளிலும் காணலாம். 1935 இல் ஜெர்மனி ஏற்ற கார்பைனில் வார் அடிப்புறத்தில் இல்லை. பின்கட்டையின் பக்கவாட்டுத் துளை வழியாகவும் முன்னே இடப்பக்க வளையத்திலும் அது கட்டப்பட்டது. அடியில் கட்டினால் முதுகில் துப்பாக்கி செங்குத்தாக நின்று உறுத்தும். பக்கத்தில் கட்டினால் தட்டையாகப் படியும்.

இனி நம் கைகள் அறிந்த துப்பாக்கிக்கு வருவோம். 1907 இல் பிரித்தானியப் படை ஏற்று, பின்னர் வங்காளத்து இஷாப்பூரில் பல பத்தாண்டுகள் செய்யப்பட்ட .303 லீ என்ஃபீல்டு அது. தமிழகக் காவலர்களின் தோளிலும் தேசிய மாணவர் படையின் பயிற்சித் திடல்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. இதில் பின் வளையம் விசையை விட்டு விலகிப் பின்கட்டையின் அடிக்கே சென்றுவிட்டது. முன் வளையம் நடுப்பட்டையில் நின்றது. துப்பாக்கியின் பின்பாதி முழுவதும் வாரின் பிடிக்குள் வந்தது. ஆடுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

இதை நாம் நூலில் படித்து அறியவில்லை. கல்லூரிப் பருவத்தில் ஒரு முகாமில் ஐந்து கிலோமீட்டர் நடையின்போது அறிந்தோம். இந்தத் துப்பாக்கியின் மூக்கில், குழல்முனைக்குச் சற்றுப் பின்னே, இன்னொரு வளையமும் உண்டு. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தும்போது ஒன்றோடொன்று கோப்பதற்கானது அது. அறியாமையால் நாம் வாரின் முன்முனையை அதில் கட்டினோம். வார் எட்டவில்லை என்று முழுவதும் தளர்த்தியும் விட்டோம். துப்பாக்கி கீழிறங்கி, பின்கட்டை கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே வந்தது. மாலையில் கால் கன்றிப்போயிருந்தது. பயிற்சியாளரான உஸ்தாத் ஒன்றும் சொல்லாமல் வாரை அவிழ்த்து நடுப்பட்டையில் கட்டிக் கொடுத்தார். மறுநாள் அதே நான்கு கிலோ எடையைச் சுமந்தோம். அது இருப்பதே மறந்துபோயிற்று.

இதுவரை பார்த்தவற்றிலெல்லாம் இடத்தைத் தேர்ந்தவர் வேறு, சுமந்தவர் வேறு. இருவரும் ஒருவரே என்றால் என்ன ஆகும்? இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே கிடைத்தது. எறையூர்ப் பகுதியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அச்சமூகத்தின் முதியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தந்தை உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். அதில் வளையமே கிடையாதாம். பழைய துணியைத் திரித்து, கட்டையிலேயே சுற்றி முடிந்த வார்.

"எங்க முடியணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லல சாமி. எங்கப்பன் கட்டிக்கிட்டு நாலு எட்டு நடப்பாரு. இடிச்சா அவுத்து மேல ஏத்திக் கட்டுவாரு. காட்டுல குனிஞ்சு போவணும்ல? கட்டை காலுல இடிச்சு சத்தம் வந்தா, அன்னிக்கு அடுப்பு எரியாது."

வழுகி நகரும் துணி முடிச்சு அவர் தந்தையின் உயரத்திற்கும் நடைக்கும் ஏற்பத் தன் இடத்தைத் தேடிக்கொண்டது. தொழிற்சாலை வளையத்திற்கு அந்த வாய்ப்பில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டை வாழ்வை முடித்துவைத்தது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அத்துணிவாரின் அறிவு எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கிறது. மஸ்கட்டின் வளையமாவது அருங்காட்சியகத்தில் இருக்கும். துணி மட்கிவிடும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கோ புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்கோ செல்லும் வாசகர்கள், அங்குள்ள நெடிய துப்பாக்கிகளின் முன் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டுகிறோம். குழலையும் விசையையும் பார்த்து முடித்த பின் சற்றுக் குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள். வளையம் விசையின் அருகில் இருக்கிறதா, பின்கட்டையில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று காணுங்கள். அதைச் சுமந்தவனின் பெயர் எந்தப் பலகையிலும் இராது. அவன் எப்படி நடந்தான், எங்கே வலித்தது என்பதை மட்டும் அந்த வளையத்தைக் கொண்டு ஓரளவு அறியலாம்.