உயிலில் எழுதிய மேடை

திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனையைத் திருச்சி வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குக் கூடுதல் உரிமைகூட உண்டு. ரங்கநாதர்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியவரல்லவா அவர்! ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் அந்தப் பந்தலில் பெண்களுக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பெங்களூர் நாகரத்தினம்மாளின் பக்தியைச் சொல்வார்கள். நான் அவருடைய சட்ட அறிவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நாகரத்தினம்மாள் (1878–1952) தேவதாசி மரபில் பிறந்தவர். பாடிச் சம்பாதித்த சொத்து அவருக்குச் சென்னையில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. ஒரு பெண்ணின் எழுத்தைச் சட்டம் எப்படிப் பறிக்கும் என்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

தியாகராஜரின் சமாதி சிதைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, சுற்றியிருந்த நிலத்தைப் பெற்று, 1921இல் திருப்பணியைத் தொடங்கினார். 1926இல் குடமுழுக்கு நடந்தது. அப்போது ஆராதனை நடத்திவந்தவை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்ற இரண்டு குழுக்கள். இரண்டிலும் பெண்கள் பாட முடியாது. கோயிலைக் கட்டியவருக்கே அதன் முன்னால் பாட அனுமதியில்லை! அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். ஊர் அதைப் ‘பெண்கள் கட்சி’ என்றது. 1940களின் தொடக்கத்தில் மூன்றும் இணைந்து ஒரே சபையானபோது பெண்களும் பாடத் தொடங்கினார்கள்.

வரலாறு பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால், ஒரு சபை கொடுத்த இடத்தை இன்னொரு நிர்வாகக் குழு பறிக்கலாம். அதிலும் தேவதாசிப் பெண்களைச் சட்டமே சூழ்ந்துவந்த காலம் அது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் கோயில் மானிய நிலங்கள் ஊழியக் கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டன. 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி குற்றமானது. முத்துலட்சுமியின் முயற்சிகளை எதிர்த்த தேவதாசிகளுள் நாகரத்தினம்மாளும் ஒருவர். சிறுமிகள் பலியாவதை ஒருவர் தடுக்க நினைத்தார். கலையும் சொத்தும் மானமும் சேர்ந்து போய்விடுமே என்று மற்றவர் அஞ்சினார். இருவரில் ஒருவரைக் கைவிட்டால்தான் பெண்ணியம் என்றால், எனக்கு அது வேண்டாம்.

1949இல் நாகரத்தினம்மாள் உயில் எழுதினார். தன் சொத்துகளை ஓர் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார். அந்த இடத்தில் பெண்களுக்கு, குறிப்பாகத் தேவதாசி மரபுப் பெண்களுக்கு, பாடி வழிபடும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. காலத்தை யோசியுங்கள். கணவன்வழி வந்த சொத்தில் இந்து விதவைக்கு அன்று ஆயுள்கால உரிமைதான். அவள் அதை உயில் எழுதி வைக்க முடியாது. அந்த நிலை மாறியது 1956 வாரிசுரிமைச் சட்டத்தில். ‘குடும்பப் பெண்’ணுக்கு இல்லாத அதிகாரம், சமூகம் இழிவாகப் பார்த்த ஒருத்திக்கு இருந்தது. தானே சம்பாதித்த சொத்து என்பதால் அவர் கையெழுத்துப் போட்டால் செல்லும். அந்தக் கையெழுத்தை அவர் தனக்குப் பின்னால் வரும் பெண்களுக்காகப் போட்டார்.

அறக்கட்டளைப் பத்திரங்கள் எழுதுவது என் தொழில் என்பதால் இதன் அருமை எனக்குக் கூடுதலாகப் புரிகிறது. நடனப் பள்ளி, நாடகக் குழு, பறை இசைக் குழு என்று தொடங்கும் பெண்கள் திருச்சியில் என்னிடம் வருகிறார்கள். எல்லா வேலையையும் இவர்களே செய்திருப்பார்கள். நிர்வாக அறங்காவலர் யார் என்று கேட்டால், “வீட்டுக்காரர் பேரையே போட்டுடுங்க மேடம்” என்பார்கள். அப்போது நான் நாகரத்தினம்மாளின் கதையைச் சொல்வேன்.

சங்கமாகப் பதிந்தால் சிறப்புத் தீர்மானம் போட்டு விதியை மாற்றிவிடலாம். பொது அறக்கட்டளையின் நோக்கத்தை அறங்காவலர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மீறினால், அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியுடன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். ஆனால் எதை மீறினார்கள் என்று காட்ட, அது பத்திரத்தில் இருக்க வேண்டும். யார் ஆடலாம், யார் பாடலாம், முடிவெடுக்கும் இடத்தில் எத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிவிடுங்கள். “நம்ம ஆட்கள்தானே” என்று விட்ட வரிகளால்தான் பெண்கள் தாங்கள் தொடங்கிய அமைப்பிலிருந்தே வெளியேறுகிறார்கள்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் நினைவிடமும் சிலையும் இருக்கின்றன. அங்கே போகும் மாணவிகள் கும்பிட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், தாங்கள் ஆடும், பாடும் சபாவின் விதிமுறைகளையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.