மூக்கில் தொடங்கிய கத்தி

1814இல் மூன்று பேர் கண்டியிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். பிரித்தானியர் வசமிருந்த கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்காக மலைநாட்டுக்குள் போன பத்துப் பேரில் உயிர் தப்பியவர்கள் அவர்கள்தான். ஒற்றர்கள் என்று சொல்லிப் பிடித்து, கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் ஆணைப்படி மூக்கு, காது, கை என்று வெட்டியிருந்தார்கள். ஏழு பேர் உடனேயே இறந்துபோனார்கள். மிஞ்சிய மூவரின் கழுத்திலும் வெட்டிய உறுப்புகளைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பிவைத்தார்கள்.

பிரித்தானிய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் போருக்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கு கால்நடையாகவே வந்து சேர்ந்தது. 1815 பெப்ரவரி 18இல் மன்னன் மெதமஹநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவவில் வாசித்த கண்டி ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, சித்திரவதையையும் உறுப்பு வெட்டுவதையும் ஒழித்தது. தலதா மாளிகைக்குப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள அந்த மரத்தூண் மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். முகத்தில் கத்தி வைக்க அரசனுக்கு இருந்த உரிமை அங்கேதான் பறிபோனது.

வேறொரு கைக்கு அந்தக் கத்தி போனது, மூவரும் கொழும்புக்கு வந்த அதே 1814இல்தான். ஒக்டோபர் 23ஆம் திகதி, லண்டன் செல்சியில், ஜோசப் கார்ப்யூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூக்கிழந்த இராணுவ அதிகாரி ஒருவருக்கு நெற்றித் தோலிலிருந்து புது மூக்குச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அவர் பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் உயிருள்ள ஆளிடம் கை வைத்தார். ஆனால் வித்தை அவருடையதல்ல, நம் பக்கத்தது.

திப்பு சுல்தானோடு 1792இல் முடிந்த போரில் கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரர் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டினார். திப்புவின் ஆட்கள் பிடித்து அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருடம் போல மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனாவுக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் மூக்குக் கட்டிக் கொடுத்தார். ஏட்டுப் படிப்பில்லாத, செங்கல் சூளைக் குலத்தவர் என்று சொல்லப்படுகிறது. பம்பாய் மாகாண வைத்தியர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். 1794 ஒக்டோபரில் லண்டனின் ஜென்டில்மன்ஸ் மெகஸினில் படத்தோடு செய்தி வந்தது.

செய்முறையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து மூக்காகவே பிடித்துப் பார்க்கிறார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுகிறார். கோட்டின்படி தோலை உரித்தாலும் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு துண்டை அறுக்காமல் விடுகிறார். புதுத் தோலுக்கு இரத்தம் வர வழி அதுதான். தோலைத் திருப்பி மூக்கின் மேல் படியவைத்து, வெற்றிலையோடு போடுகிற அதே காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி, ஒட்டிய இடத்தில் அடுக்கடுக்காக வைக்கிறார். நாலு நாள் கழிந்தால் நெய்யில் நனைத்த துணி. தோல் பிடித்த பிறகு, இருபது இருபத்தைந்தாம் நாளளவில், அந்த நடுத்துண்டை அறுத்துச் சீர் செய்கிறார். நெற்றியில் தழும்பு நிற்கும். கவாஸ்ஜி அதற்காகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

பறிபோனதைத் திருப்பித் தருவதற்காகவே முகத்தில் சத்திரசிகிச்சை பிறந்தது. கார்ப்யூவுக்கு எண்பத்திரண்டு வருடம் கழித்து பேர்லினில் அது தடம் மாறியது. ஜாக் ஜோசப் என்ற வைத்தியர் 1896இல், காது புடைத்திருந்ததால் கேலிக்கு ஆளான ஒரு பையனின் காதைச் சரிசெய்தார். நோயில்லாத உடம்பில் கத்தி வைத்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 1898இல் அவரே, மூக்குப் பெரிதாக இருப்பதால் வெளியே தலைகாட்டக் கூசிய ஒருவருக்கு மூக்கைச் சிறிதாக்கினார். ‘வீண் அழகு’ என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த மனிதரின் கூச்சம் உண்மையானது, தினமும் அவரோடு இருந்தது.

அடுத்த திருப்பம் ஊசியில் வந்தது. கெட்டுப்போன இறைச்சியில் உண்டாகி ஆளைக் கொல்லும் பொட்டுலினம் நஞ்சை, சான் பிரான்சிஸ்கோவின் அலன் ஸ்கொட் மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் வைத்தியர் ஜீன் கரத்தர்ஸ், இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்டவர்களின் புருவச் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். கணவர் அலஸ்டெயர் தோல் வைத்தியர். இருவரும் சேர்ந்து அதைச் சுருக்கத்துக்கே பயன்படுத்தினார்கள். 2002இல் அதற்கும் அனுமதி வந்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை நஞ்சு மூன்று நாலு மாதம் தடுத்து வைக்கிறது. தசை சுருங்காவிட்டால் தோலும் மடியாது.

அதிலிருந்துதான் இன்றைய யோசனை கிளைத்தது: சுருக்கம் விழுமுன்பே, இருபத்தைந்திலேயே போட்டுவிட்டால் என்ன? கண்டியில் பட்டப்படிப்பு முடித்த என் மச்சானின் மகள், “மாமா, வந்த பிறகு பார்க்கிறதைவிட வராமலே தடுக்கிறது நல்லதுதானே?” என்று கேட்டாள். தடுப்பூசி மாதிரி யோசிக்கிறாள். கேள்வியில் தர்க்கம் உண்டு.

சான்றும் கொஞ்சம் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒத்த இரட்டைச் சகோதரிகளில் பதின்மூன்று வருடம் விடாமல் ஊசி போட்டவளுக்கு நெற்றிக் கோடு பதியவில்லை. இரண்டே தடவை போட்டவளுக்குப் பதிந்திருந்தது. ஆனால் அது ஒரு சோடி முகம் மட்டுமே. பதின்மூன்று வருடம் என்பதையும் கவனிக்க வேண்டும். தடுப்பூசியைப் போல ஒரு தடவையோடு இது முடிவதில்லை, மாதத் தவணை போல நீள்கிறது. ஊசிக்குப் பதிலாக முகத் தோலை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை என்றாலோ, இருபத்தைந்து வயதில் இழுக்கத் தொங்கும் தோலே இல்லை. தழும்பு மட்டும் நிச்சயம், முதுமையும் அதற்குப் பிறகு தன் பாட்டில் வரும்.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதட்டைத் தைக்கிறார்கள். அந்தப் பிஞ்சு வயதில் கத்தி வைப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அங்கே குறை கண்முன்னே இருக்கிறது. கவாஸ்ஜிக்கும் இருந்தது, ஜாக் ஜோசப்பிடம் வந்தவருக்கும் மனதளவிலாவது இருந்தது. என் மருமகளுக்கு இன்னும் எதுவும் நேரவில்லை. நேராத ஒன்றுக்கு வைத்தியம் பார்ப்பதானால், அவள் ஸ்கூட்டியில் போகும்போது படுகிற வெயிலிலிருந்து தொடங்கலாம். முகத்தைச் சீக்கிரம் முதுமையாக்குவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். மலைக் குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் புற ஊதாக்கதிர் குறைந்துவிடுவதில்லை. வெயில் தடுப்புக் களிம்பும் ஹெல்மெட் கண்ணாடியும் போதும் என்றேன். அப்படியும் ஊசிதான் என்றால், போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அழகுக்கலை நிலையத்து நாற்காலியில் இமை தொங்கிப்போனால், மருந்தின் வீரியம் இறங்கும் வரை வாரக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டியதுதான்.