மின்கலக் குறியும் விழுக்காட்டு எண்ணும்



2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, என் மாணவன் ஒருவன் இயங்கலை வகுப்பின் நடுவே அடிக்கடி மறைந்துபோவான். "பாதி இருந்துச்சு டீச்சர்" என்பான். அவன் கண்டது மின்கலப் படத்தை, எண்ணையன்று.

அவ்வெண்ணின் வரலாறு சற்றே விந்தையானது. பழைய கைப்பேசிகளில் சில கோடுகளே இருந்தன. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் விழுக்காட்டைக் காட்டும் தெரிவைத் தந்தது. ஆண்ட்ராய்டில் சயனோஜென்மோட் எனும் மாற்று மென்பொருள், குறியை வட்டமாகவோ வெறும் எண்ணாகவோ மாற்றிக்கொள்ள இடமளித்தது. கூகுளோ 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் அவ்வசதியை மறைவான ஒரு பட்டியலுக்குள் வைத்தது. (எத்தனை பெற்றோர் அதைத் தேடிக் கண்டிருப்பர்?) 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இல்தான் அது வழக்கமான அமைப்புகளுக்குள் வந்தது.

2017-இல் ஐபோன் எக்ஸ் திரையின் மேல்விளிம்பு வெட்டப்படவே, எண்ணுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. 2022-இல் ஐஓஎஸ் 16 அதனைக் குறியின் உள்ளேயே மீட்டுத் தந்தது. ஆனால், எண் குறைந்தபோதும் படம் நிறைந்தே நின்றது! 16.1 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

அம்மாணவனின் தாயாரிடம் தொலைபேசியில் பேசி, அமைப்புகளில் எண்ணைத் தோன்றச் செய்தேன். மறுநாள் வகுப்பு தொடங்குமுன் அவன் எழுதி அனுப்பினான்: "37 இருக்கு டீச்சர். கணக்கு முதல்ல செய்யலாமா?"