பிள்ளை பெற்ற வயிறும் கட்டும்: மெர்சிங்கின் பெங்குங், ஐரோப்பாவின் கார்செட்

ஜொகூரின் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங், தியோமான் தீவுக்குப் படகேறும் ஊராகவே பலருக்கும் தெரியும். இக்கரையோர மலாய்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவள் 44 நாள் பந்தாங் எனும் பேறுகாலக் கட்டுப்பாடுகளைக் காப்பது நெடுநாள் வழக்கம். சூடேற்றிய துங்குக் கல்லைத் துணியில் பொதிந்து ஒத்தடம் கொடுப்பார்கள், உடம்பு பிடித்துவிடுவார்கள், பத்தியச் சாப்பாடு போடுவார்கள். இவற்றோடு பெங்குங்கும் உண்டு. பல மீட்டர் நீளத் துணியை இடுப்பெலும்பில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பக்கம் முடிச்சிடும் கட்டு அது. தமிழ் வீடுகளில் குளிப்பாட்டியதும் பழைய பருத்திச் சேலையாலோ வேட்டியாலோ கட்டும் வயிற்றுக்கட்டும் இதே நோக்கம் கொண்டது. கட்டாவிட்டால் வயிற்றில் காற்றேறும், வயிறு சரிந்துவிடும் என்பது இரு சமூகத்துப் பெரியவர்களும் சொல்லும் காரணம்.

ஐரோப்பியப் பெண்கள் விலாவையும் இடுப்பையும் நாடாவால் இறுக்கி அணிந்த கார்செட் உடலுக்குக் கேடு என்ற தீர்ப்பை அப்படியே எடுத்து இந்தக் கட்டின்மேல் சுமத்துவது முறையன்று என்பது என் வாதம். அழுத்தம் எங்கே விழுகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்த நிலையிலுள்ள உடலின்மேல் விழுகிறது என்ற மூன்றையும் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சோமெரிங் 1788இல் கார்செட்டின் தீங்குகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கீழ் விலாவெலும்புகள் உள்வாங்குவதும் வயிற்று உறுப்புகள் இடம் மாறுவதும் அவருடைய கவலை. 1828இல் நாடா கோக்கும் துளைகளுக்கு உலோகக் கண்ணிகள் வந்தபின், துணி கிழியாமல் நாடாவை இன்னும் இறுக்க முடிந்தது. காசநோய் முதலாக அக்கால மருத்துவர்கள் கார்செட்டின் தலையில் கட்டிய நோய்கள் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை. உடை வரலாற்றாசிரியர் வலெரி ஸ்டீல் தம் 2001 நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். ஆயினும் விலா இறுகினால் மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும் என்பதும், வளரும் வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் எலும்பின் வடிவமே மாறும் என்பதும் உண்மை. இதே விதியை மருத்துவம் நன்மைக்கும் பயன்படுத்துகிறது. வளரிளம் பருவத்து முதுகெலும்பு வளைவுக்கு இறுக்குப்பட்டை அணிவித்த 2013 வட அமெரிக்க ஆய்வில், அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவைசிகிச்சை எல்லையை எட்டவில்லை. கூடுதல் நேரம் அணிந்தவர்களுக்குப் பலனும் கூடியது.

பெங்குங் விழும் உடல் முற்றிலும் வேறு. பிரசவம் முடிந்தவுடன் சுமார் ஒரு கிலோ எடையுள்ள கருப்பை ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. பந்தாங்கின் 44 நாளும் ஏறக்குறைய இதே கால அளவுதான். நம் மூத்த பெண்களின் கவனிப்பை நான் மதிக்க இது ஒன்றே போதும். ஆனால் கருப்பையைச் சுருக்குவது துணியன்று. ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் தூண்டும் தசைச் சுருக்கமும் திசுக்கள் தாமே கரைவதும் அந்த வேலையைச் செய்கின்றன. பாலூட்டல் அதற்குத் துணை நிற்கிறது. கட்டு தருவது தாங்கல். நடுவே விலகி நிற்கும் வயிற்றுத் தசைகளுக்கும் தளர்ந்த இடுப்பு மூட்டுகளுக்கும் அது பிடிப்பாகிறது. அறுவைப் பிரசவத்துக்குப் பின் வயிற்றுப்பட்டை அணிந்தவர்களுக்குச் சில ஆய்வுகளில் வலி குறைந்தது; வேறு சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை.

தாங்கல் எப்போது கேடாகிறது? கட்டு இடுப்பை விட்டு மேலேறி வயிற்றின் நடுவை நெரிக்கும்போது. அங்கே பிழியப்படும் அழுத்தம் கீழ்நோக்கியும் போகும். கீழே இருப்பதோ பிரசவத்தில் நைந்த இடுப்புத்தளத் தசை. இருமும்போதும் பளு தூக்கும்போதும் அந்தச் சுமை இன்னும் கூடும். கருப்பை இறக்கத்துக்கும் சிறுநீர் கசிவுக்கும் இது வழிவிடும் என்பது உடலியல் எழுப்பும் வலுவான ஐயம். நிறுவப்பட்ட முடிவாக அதைச் சொல்ல மாட்டேன். இன்று கொக்கியும் ஒட்டுப்பட்டையும் வைத்துக் கடையில் விற்கும் ‘நவீன பெங்குங்’குகளில் பல, பெயரில் பெங்குங்காகவும் செயலில் கார்செட்டாகவும் இருக்கின்றன. கைதேர்ந்த பிடான் (மலாய் மருத்துவச்சி) சுற்றுக்குச் சுற்று தாயின் மூச்சைப் பார்த்து முடிச்சைத் தளர்த்த முடியும். ஒரே அளவில் தைத்த பட்டைக்கு அது தெரியாது. சீக்கிரம் மெலிய வேண்டும் என்ற அவசரத்தை இளம் தாய்மார்மேல் திணிக்கும் இந்த வணிகம் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. 2023 ஜனவரி முதல் மலேசியத் தனியார் துறையில் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. உடல் தன் போக்கில் தேற அந்த அவகாசத்தை விட்டுவைக்கலாமே.

மலேசியச் சுகாதார அமைச்சு மரபுவழிப் பிரசவப் பராமரிப்பைச் சில அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது. மரபு மருத்துவத்தை அரசு மருத்துவமனைகளில் சேர்க்கும் முயற்சி 2007இல் கெப்பாலா பத்தாசில் தொடங்கியது. ஆனால் பெரும்பாலான கட்டுகள் வீட்டில்தான் போடப்படுகின்றன. பிரசவித்த வீடுகளுக்குச் சமூகத் தாதியர் நேரில் போகிறார்கள். தாயின் உடல்நிலையை எழுத இளஞ்சிவப்பு ஏடும் இருக்கிறது. கட்டு எந்த இடத்தில் விழுகிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம், துணியா கொக்கிப்பட்டையா என்ற மூன்றையும் அதில் குறித்து, ஆறாம் வாரச் சோதனையில் தசை விலகலையும் சிறுநீர் கசிவையும் கேட்டுச் சேர்த்தால், கட்டு இடுப்புத்தளத்தைக் கெடுக்குமா என்ற அந்த ஐயத்தை மெர்சிங் போன்ற ஒரு மாவட்டத்திலிருந்தே சோதிக்கத் தொடங்கலாம்.